தம்பிக்குக் கொண்டுபோன ஸ்பிரிங்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது இந்த ஊர் ரோடுதான். சத்தமே கிடையாது. காரில் உட்கார்ந்தால் டயர் உருளுகிற இரைச்சல் மட்டும் சன்னமாகக் கேட்கும். தூக்கிப் போடாது, மடியில் வைத்த காப்பி சிந்தாது. கோவில்பட்டியில் பிறந்து, புதூர் ரோட்டு மினி பஸ்ஸில் தலை இடிபட்டு வளர்ந்தவளுக்கு இது சுகமாகத்தானே இருக்கவேண்டும்? எனக்கோ வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். எங்கள் கரிசலில் ரோடு சும்மா கிடக்காது. ஐப்பசி மழைக்கு மண் உப்பி ரோட்டைத் தூக்கும். சித்திரை வெயிலுக்கு வெடித்துக் கீழே இறக்கும். எத்தனை முறை தார் போட்டாலும் அடுத்த மழைக்குள் மேடும் பள்ளமுமாகிவிடும். இப்போதெல்லாம் ஊரிலிருந்து போன் வந்தால், பேச்சைவிட அந்த ரோட்டின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். வந்த சில வருடங்களில் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார், புதிய சின்னக் காரைவிட மலிவு. அம்மாவுக்கு அது புரியாது, “ரெண்டு பேரு போறதுக்கு எதுக்குட்டி அம்புட்டு நீள மூக்கு?” என்று இன்னமும் கேட்பாள். வளைவுகளில் வண்டி சாயாமல், தரையோடு ஒட்டிப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குக் கட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போடவேண்டும். புதுசின் விலையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இணையத்தில் யாரோ கழற்றிப் போட்ட செட் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி மாட்டினேன். இந்த நாட்டில் இப்படி மாற்றினால் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் அதைப் பார்ப்பவர் யோஹன் என்ற வயதான மனிதர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கடித்து, என்னைக் கீழே கூப்பிட்டார். முன்பக்க இடது ஸ்பிரிங்கின் கடைசி வளையத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். “இன்றைக்குத் தாங்கும். ஒருநாள் ஒரு பள்ளத்தில் முறியும். முறிந்த முனை டயரைக் கிழிக்கும்” என்றார். மஞ்சள் சாக்பீஸால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டார். “ஷ்ரோட்” என்றார். பழைய இரும்பு, தூக்கிப் போடு என்று அர்த்தம்.

வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டச் சொன்னேன். கழற்றிய முன் ஸ்பிரிங் இரண்டையும் கையோடு கேட்டபோது யோஹன் சிரித்தார். வீட்டில் அலங்காரத்துக்கு வைக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். தானும் ஒரு பழைய பிஸ்டனில் பேனா செருகி வைத்திருப்பதாகச் சொல்லி, எண்ணெய் போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். திரை உடைந்த போன், தேதி முடியப்போகிற சாக்லேட், அளவு சேராத ஷூ. இங்கே ஆகாது என்று ஆனதெல்லாம் அங்கே ஆகும் என்று ஒரு கணக்கு. என் தம்பி செல்வம், புதியம்புத்தூர் ரெடிமேட் துணி மூட்டைகளை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுக்கிறவன். அக்கா வண்டி மாதிரியே வேண்டும் என்று தவம் கிடந்து, கோயம்புத்தூரில் யாரோ கைவிட்ட அதே மாடலை வாங்கிவிட்டான். முன்பக்கம் தொங்கிப்போய், பள்ளத்துக்குப் பள்ளம் அடிவாங்குகிற வண்டி. என் ஸ்பிரிங் விவரம் கேட்டதும் துள்ளினான். “ஏலே, கீறல் விட்டிருக்கு, இங்கன ஆகாதுன்னுட்டாவ” என்றேன். “அவியளுக்கு எல்லாமே ஆகாதுக்கா. நீ கொண்டா, நான் பாத்துக்கிடுதேன்” என்றான். போன பங்குனியில் ஊருக்குப் போனபோது, சேலைக்குள் சுற்றி இரண்டையும் கொண்டுபோனேன். சாக்பீஸ் குறி அழியாமல் இருந்தது.

பைபாஸ் பக்கத்துப் பட்டறையில் கீறலின்மேல் செல்வம் வெல்டிங் வைக்கச் சொன்னான். ஸ்பிரிங்கில் நெருப்பு வைத்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகிவிடும் என்று படித்திருந்தேன், சொல்லியும் பார்த்தேன். “ஜெர்மனி இரும்புலா!” என்று பட்டறைக்காரரும் அவனும் ஒரே குரலில் சொன்னார்கள். அவனுடைய பழைய ஸ்பிரிங் அன்றைக்கே எடைக்குப் போய்விட்டது. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று நசுங்கின. முன்பக்க இடதுபுறத்துப் பழம் மட்டும் பிதுங்கி உருண்டு, முழுசாக ஓடையோரம் போய் நின்றது. அம்மா அதை எடுத்து, ஓடிப்போய்ச் சக்கரத்தடியில் திரும்பவும் வைக்கப் பார்த்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் பெரிய படிப்புக்காரி மாதிரி சிரித்தேன்.

இந்த வருடம் ஐப்பசியில் அங்கே நல்ல மழை. செல்வத்தின் மனைவி கனி ஏழு மாதம். புதூரில் அவள் அம்மா வீட்டுக்கும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும் அந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு அலைகிறான். போன வாரம் போனில் பேசும்போது, அவன் பேச்சுக்கு நடுவே ‘டொக்’ என்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டொக்’.

“என்னல சத்தம்?”

“மேடு ஏறி இறங்குனா அப்படித்தான் கேக்குது. ஒண்ணும் செய்யாதுக்கா.”

“வண்டிய நிறுத்துல! கனி பக்கத்துல இருக்காளா?”

“இந்தா இருக்கா. அவளுக்கு இந்த வண்டின்னா உசுரு.”

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டும்போதெல்லாம் அந்தக் கடைசி வளையம் கண்முன் வந்து நின்றது. வேலை முடிந்ததும் நேரே யோஹனிடம் போய், என் வண்டியின் முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றித் தரச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் காசில்லாமல் வண்டியைப் பிரித்து விற்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். முழு வண்டியாகவே வாங்க ஆள் இருக்கிறது, அவசரப்படாதே என்று தோளைத் தட்டினார். “என் தம்பிக்கு” என்றேன். “அவருக்கும் ஸ்பிரிங் அலங்காரம் பிடிக்குமா?” என்று கேட்டார். இதற்கும் தலையாட்டினேன்.

பார்சல் நேற்றுத்தான் கிளம்பியது. போய்ச்சேர நாளாகும். என் வண்டி இப்போது ஒர்க்‌ஷாப் மூலையில், முன்சக்கரம் இரண்டும் இல்லாமல் இரும்புக் கட்டைமேல் நிற்கிறது. எந்த ரோட்டுக்கும் ஆகாத அந்த வண்டியின் பக்கத்தில் நின்றுதான் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“ஏலே, நல்ல ஸ்பிரிங் வருது. அது வந்து மாட்டுத வரைக்கும் அந்த வண்டியத் தொடாத. கனி மேல சத்தியம் பண்ணு.”

“சரிக்கா. சத்தியமா ஓட்டமாட்டேன். வீட்டுலதான் இருக்கேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான் என்று மூச்சு விட்டேன். அவன் பின்னாலிருந்து கனி, “பாத்துங்க, பள்ளம்” என்றாள். ‘டொக்’ என்று கேட்டது.