ஈரத் தரையும் மீட்டர் முள்ளும்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பாடத்துக்கு வேறு மாணவர் இல்லை. பேராசிரியர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில், காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிக் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது முதல் பேச்சு. மாலையில் திரும்பும்போது கேட்பது பல சமயம் அடுத்த பேச்சாக இருக்கும்.

வேலை இதுதான். சிறு பாத்திரத்தில் திரவம், அதன் அடியில் ஒரு குவார்ட்ஸ் படிகம். மேஜைமேல் திறந்து கிடக்கும் வால்வு சர்க்யூட் அந்தப் படிகத்தை அதிரவைக்கும். திரவத்துக்குள் ஓர் உலோகத் தட்டு. திருகைச் சுற்றித் தட்டை உயர்த்தினால் மீட்டர் முள் ஏறி இறங்கும். எங்கெங்கே இறங்குகிறது என்று குறித்தால் திரவத்தில் ஒலியின் வேகம் கிடைக்கும்.

கோடையில் எடுத்த அளவுகளும் ஐப்பசி மழையில் எடுத்தவையும் ஒத்துப்போகவில்லை. திரவத்தின் வெப்பநிலையை நான் மாறவிடவில்லை. ஆனாலும் அளவுகள் பொருந்தாமல் ஆய்வேடு எழுத வழியில்லை.

“முள்ளைத் தப்பாப் படிக்கிறியோ என்னமோ, கண்ணைக் காட்டிட்டு வாப்பா. புத்தூர்ல நல்ல டாக்டர் இருக்கார்” என்றார் பேராசிரியர். போய்க் காட்டினேன். கண்ணில் குறையில்லை.

ஒரு பிற்பகல் சாரல் அடித்தது. எனக்குப் பின்னாலிருந்த ஜன்னலைச் சாத்த அட்டெண்டர் உள்ளே வந்தார். அவர் என் தோளருகே குனிந்ததும் முள் சரிந்தது. விலகியதும் ஏறியது.

“நான் ஒண்ணும் தொடலீங்க, சார்.”

“தெரியும். மறுபடி கிட்ட வாங்க.”

வந்தார். சரிந்தது.

“இப்பப் போங்க.”

“வாங்கன்னா வரேன், போங்கன்னா போறேன். இதுக்குத்தான் எம்.எஸ்சி. படிச்சீங்களா, சார்?”

பக்கத்தில் நிற்கும் உடம்பையும் அந்த சர்க்யூட் தன்னில் ஒரு பாகமாக எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் என் உடம்பையும்தான். ஆய்வகத்துக்குள் செருப்போடு நுழைவது எங்கள் வழக்கமில்லை. பூஜை அறைக்குக் கொடுக்கும் மரியாதை அதற்கும் உண்டு. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முள் வேறோரிடத்தில் நின்றது. கழற்றினேன்; பழைய இடத்துக்கு வந்தது. கோடையில் காய்ந்த சிமெண்டுத் தரை, மழையில் ஈரம் கசியும் அதே தரை. இரண்டிலும் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன்; என் வழியாகத் தரையும் அளவில் சேர்ந்திருக்கிறது.

பெரிய கடை வீதியில் காலி பிஸ்கட் டின் ஒன்று வாங்கி, வெட்டி, சர்க்யூட்டை மூடி எர்த் கொடுத்தேன். தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். செருப்போடும் இல்லாமலும் பார்த்தேன். அளவு மாறவில்லை. பழைய அளவுகள் அத்தனையும் வீண். முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் இனி எடுப்பவை நிற்கும்.

ஒரு சோதனை பாக்கியிருந்தது. அட்டெண்டரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நின்றார். முள் அசையவில்லை.

“ஆள் வந்ததே அதுக்குத் தெரியல போலிருக்கே” என்றார்.

“ஆமாம்.”

“அப்ப நான் போலாமா, சார்?”

இன்னும் சற்று நேரம் நிற்கச் சொன்னேன். சோதனைக்கு அது தேவைப்படவில்லை.