பாட்டில் ஏற்றாத காய்ச்சல்

1998 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று நாகல் நகர் மண்ணையெல்லாம் வாரி எங்கள் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மூன்றாம் நாள் காய்ச்சல்.

என் சகலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்காள் கணவர். வெங்காய மண்டி வைத்திருந்தார், இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த வருடம் பாதி கழிவதற்குள் மூன்று முறை தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் போய்ப் படுத்துவிட்டார். ஒரு முறை சளி, ஒரு முறை பரோட்டா தின்ற வயிற்றுப் பொருமல், மூன்றாம் முறை என்னவென்று அவருக்கே தெரியாது. போனவுடன் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுவார்கள். பாட்டில் தொங்கினால் சொந்தபந்தம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அடுத்த விசேஷத்தில் முகம் திருப்புவார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், அரை டஜன் சாத்துக்குடி. என் மனைவி தூக்குப் போணியில் கஞ்சி கொண்டு ஓடுவாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கீரனூரில் கட்டிக்கொடுத்த என் மகள், பெரியப்பாவுக்குப் பாட்டில் ஏற்றியிருக்கிறது என்று கேட்டதும் பழனியில் பஸ் மாறி ஓடி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எங்கள் வீட்டுப் படியேறாமல் போய்விட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிப்ரவரியில் எனக்கும் ஆறு நாள் காய்ச்சல் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, வெள்ளை மாத்திரை வாங்கி வந்தேன். மகளுக்குக் கடுதாசியும் போட்டேன். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது.

“பாட்டில் ஏத்துனாகளா?” என்று அப்போது அக்காள் கேட்டதற்கு, “இல்லக்கா, சும்மா மாத்திரதான்” என்றாள் என் மனைவி. “அப்ப ஒண்ணுமில்ல” என்று முடித்துவிட்டார்கள்.

இந்தக் காய்ச்சலும் ஒன்றுமில்லாதது என்று எனக்குத் தெரியும். ஞாயிறென்பதால் பெரியாஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். தெருமுனை டாக்டரும் பூட்டிவிட்டார். திங்கள்வரை பொறுத்திருக்கலாம். “நெஞ்சு பிடிக்குது” என்றேன். மனைவி அரண்டுபோய் ஆட்டோ பிடித்தாள். போகிற வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிறுத்தச் சொல்லி, கீரனூரில் மகள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அவளுக்குச் சொல்லும்படி நானே சொன்னேன்.

சகலை போய்ப் படுக்கிற அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் மூன்று கட்டில். இரண்டில் ஆள் இருந்தது. மூன்றாவது எனக்கு. ஈசிஜி எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி, பாட்டில் தொங்கவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சகலை வந்தார். வந்ததும் பாட்டிலை அண்ணாந்து பார்த்தார்.

“ஒண்ணுதானா? எனக்கு ரெண்டு போட்டாக.”

“இன்னும் நேரமிருக்கு” என்றேன்.

ஒரு மணிவாக்கில் ஒரு பெண் தன் அப்பாவைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தாள். தோட்டக்காட்டு ஆட்கள். என் வயதுதான் அவருக்கும். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் டாக்டர் கிடையாதாம், காலையில் புறப்பட்டவர்கள். கட்டில் இல்லாததால் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். மகள் முந்தானையால் விசிறினாள், மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவரைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாக இருந்தது. கூப்பிடாமலே கூட இருக்கிற மகள்.

நர்ஸ் என்னிடம் வந்தாள். “ஐயா, ஒங்களுக்கு ஈசிஜி நல்லாருக்கு. ஞாயித்துக்கெழமைன்னா பாதிப்பேரு சளிக்குத்தான் இங்க வாராக. செத்த நேரம் பெஞ்சுல உக்காந்துக்கிடுறீகளா?”

“எம்மக வந்துக்கிட்டிருக்கா” என்றேன். “அவ வந்து பாத்ததும் எந்திரிக்கிறேன்.”

நர்ஸ் புரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். “எங்கய்யா சாயணும் அப்பு. உக்கார முடியல அவரால” என்றாள். என் மனைவி என் செருப்பை எடுத்து, நான் இறங்கும் பக்கம் நேராக வைத்தாள். எழுந்துவிட்டேன். நர்ஸ் ஊசியை உருவிப் பஞ்சை ஒட்டினாள். கால் பாட்டில் மிச்சம். அவரைப் படுக்க வைத்து, தலைமாட்டை உயர்த்தி, முகத்தில் மூச்சுக்கான மூடியை மாட்டினார்கள்.

இரண்டு மணிக்கு மேல் என் மகள் வந்தாள். வாசலில் இருந்த ஆள் மூன்றாவது கட்டில் என்று சொல்லியிருப்பான் போல. பெஞ்சைப் பார்க்காமல் நேரே அங்கே போனாள். அந்த மூடி அவர் முகத்தை மறைத்திருந்தது, நரைத்த தலை மட்டும் தெரிந்தது. “ஐயோ, அப்பா!” என்று அலறி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உடனே கூப்பிடவில்லை. அந்த அழுகை எனக்காக வந்தது. இருந்து கேட்டேன்.

என் மனைவிதான், “ஏடி, இங்கிட்டு இருக்காருடி” என்றாள்.

மகள் திரும்பினாள். என்னையும் என் கையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்தவுடன் கோபம் வந்துவிட்டது.

“நல்லாத்தான இருக்கீக! வெங்காயம் புடுங்க ஆள விட்டது விட்டபடி ஓடியாந்திருக்கேன். உசுரே போச்சு எனக்கு.”

சகலை சிரித்தார். “அதான் சகல, நான் எந்திரிக்கவே மாட்டேன். பாட்டில் முடியுமட்டும் கெடக்கணும். ஒனக்குப் படுக்கவே தெரியல.”

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, “காச்சலும் விட்ருச்சு” என்றாள். காலைப் பிடித்துவிடவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நாங்கள் புறப்படும்போது அந்தத் தோட்டக்காட்டுக்காரருக்கு மூச்சு சீராகியிருந்தது. இரண்டாவது பாட்டில் தொங்கியது. அவர் மகள் தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் தலை சாய்த்திருந்தாள். வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டருக்கும் கட்டிலுக்கும் நூற்றிருபது, ஈசிஜி எண்பது, ஊசியும் முழுப் பாட்டிலும் நூற்று நாற்பத்தைந்து, ஆட்டோ போகவர நாற்பது, போன் பதினொன்று, சகலைக்குக் காபியும் பன்னும் ஏழு, மகளுக்குப் பஸ் செலவு முப்பத்தாறு. ஆக மொத்தம் நானூற்று முப்பத்தொன்பது ரூபாய்.