ராசாத்தி கட்டின சேலை என்ன கலர்?

குளிர்ல கெடந்த பழைய டிவிய ஆன் பண்ணா ஒரு வாசனை வரும்… ஞாபகம் இருக்கா? ஈரத் தூசி சூடேறுற வாசனை. கொடைக்கானல் பனி டிவி பெட்டிக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். படம் வர்றதுக்கு முன்னாடி அந்த வாசனை வந்துரும்.

எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிவி கடையில பில் போட சேந்தேன். மெக்கானிக் அண்ணன் திண்டுக்கல்லுக்கே போயிட்டாரு. எல்லாரும் டிவிடி பிளேயர் வாங்கிட்டிருந்த நேரம்… ஓனர் முழிச்சாரு. "நான் போறேன் சார்"னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன்.

வாசல்ல போய் நின்னா, "ஏம்மா, மெக்கானிக் வரலியா?"ன்னு என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாங்க. "வந்தாச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருவேன்.

மஞ்ச வயர் படம், சிவப்பும் வெள்ளையும் சத்தம்… அவ்ளோதான் விஷயம். ஆனா மஞ்சளைச் சிவப்புல சொருகிட்டு, "பெட்டி உறுமுது"ன்னு சொல்லுவாங்க. ஒரு வாத்தியார் டிஸ்க்கைத் தலைகீழா போட்டுட்டு, கம்பெனிக்குப் புகார் லெட்டரே எழுதி முடிச்சு வெச்சிருந்தாரு! திருப்பிப் போட்டேன். லெட்டரைக் கிழிச்சாரு.

என்கிட்ட தோத்துப் போகாத டிவி இல்லைன்னு ஒரு திமிர். இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

ஒரு நாள் காலையில வெள்ளனே லெச்சுமியக்கா கடைக்கு வந்தாங்க. எங்க மலையில இருக்கற போளூர் போற வழியில ஒரு தோட்டத்துல வேலை பாக்கறவங்க. வயசுப் புள்ளையா இருக்கறப்ப சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து குடும்பத்தோட இங்க வந்துட்டாங்க. தங்கச்சி ராசாத்திக்கு மட்டும் அங்கேயே கல்யாணம் பேசி முடிச்சிருந்ததால, அவ அங்கேயே தங்கிட்டா. இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தர ஒருத்தர் பாக்கல.

இப்ப ராசாத்தி மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு, டிவிடி வந்திருக்கு. படம் கருப்பு வெள்ளையா, மேல மேல உருண்டு ஓடுதாம்.

"படம் உருண்டு ஓடுனாக்கூட பரவால்ல புள்ள. எனக்குக் கலர் வேணும்"னாங்க.

ஏன்னு பஸ்ல போறப்ப சொன்னாங்க. கல்யாணத்துக்குக் கட்டிக்கச் சொல்லி, தங்கச்சிக்கு ஒரு அரக்குச் சேலை எடுத்து, அங்க போற ஒருத்தர்கிட்ட குடுத்து விட்டிருக்காங்க. அவ கட்டினாளான்னு தெரியணும்.

"போன்ல கேக்க வேண்டியதுதானேக்கா?"

"கேட்டேன். கட்டுனேன்க்கான்னு சொன்னா. ஆனா கண்ணால பாக்கணும்ல?"

போய் ஆன் பண்ணேன். ஒரு அம்மா மணவறை பக்கம் சாம்பல் கலர்ல உருண்டுக்கிட்டே இருந்தாங்க. "அதான் ராசாத்தி"ன்னாங்க அக்கா. பிளேயர் குவைத்துல இருந்து சொந்தக்காரங்க கொண்டாந்தது. டிவிக்குத் தெரிஞ்ச முறை வேற, பிளேயர் அனுப்புற முறை வேற. வெளிநாட்டு பிளேயர்ல இது சகஜம். மெனுவுல ஒரு இடத்துல மாத்தணும். ஆனா மெனுவே உருளுதே, எங்க படிக்க? நான் எதுக்குப் படிக்கணும்… மனப்பாடம்தானே. செட்டப், ரெண்டு தடவை வலது, மூணு தடவை கீழே, ஓகே.

டக்குனு நின்னுச்சு படம். கலர்!

சேலை பச்சை.

நல்ல கிளிப்பச்சை. "இன்னும் ஓட்டு"ன்னாங்க அக்கா. ஓட்டிப் பாத்தோம். தாலி கட்டுறப்ப பச்சை, பந்தியில பச்சை, பொண்ண அனுப்புறப்பவும் பச்சை. அரக்கு எங்கயுமே இல்ல.

அங்கதான் என் கெட்டிக்காரத்தனம் எட்டிப் பாத்துச்சு. அந்த பிளேயர்ல 'ஹியூ'ன்னு ஒண்ணு உண்டு. அதைத் தட்டினா எல்லாக் கலரும் நகரும். "செட்டிங்ல கோளாறு இருக்குக்கா, சரி பண்றேன்"னு சொல்லிட்டு தட்டினேன். பச்சை பழுப்பாச்சு. இன்னும் தட்டினேன்… கிட்டத்தட்ட அரக்கே வந்துருச்சு. எனக்குள்ள ஒரு வெற்றிச் சிரிப்பு.

"ஏ புள்ள! என்னத்தப் பண்ற? அவ மூஞ்சியப் பாரு!"

பாத்தேன். நாவப்பழம் தின்ன நாக்கு கலர்ல இருந்துச்சு ராசாத்தி முகம்.

"சேலைய மாத்தப் போயி எந் தங்கச்சிய மாத்திப்புட்டியே… பழையபடி வையி. பச்சைன்னா பச்சையா இருந்துட்டுப் போகட்டும். சம்பந்தி வீட்டுல எடுத்துக் குடுத்திருப்பாங்க, அதக் கட்டாம இருக்க முடியுமா? எம் மனசு நோகக் கூடாதுன்னு போன்ல அப்பிடிச் சொல்லியிருக்கா."

எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிருச்சு. நான் பண்ணது அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு! திருப்பி வெச்சேன். நெத்தி, கன்னம், கழுத்து எல்லாம் அதது கலருக்கு வந்துச்சு.

"இங்க நிறுத்து"ன்னாங்க. நிறுத்தினேன். எந்திரிச்சுப் போய் கண்ணாடியத் தொட்டாங்க. பழைய டிவி கண்ணாடியத் தொட்டா வருமே, அந்தச் சடசட சத்தம் வந்துச்சு.

"அவளப் பதினாறு வயசுப் புள்ளையா விட்டுட்டு வந்தேன்… எங்கம்மா மாதிரியே ஆயிட்டா."

அந்தக் கன்னத்தை விரலால தடவினாங்க. நான் ரிமோட்டைப் புடிச்சிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அழுகை வந்துச்சு எனக்கு, சொல்றதுக்கென்ன.

இப்ப ஒரே வயர், சொருகினா படம், சத்தம் ரெண்டும் வந்துரும். உருள்றதுமில்ல, என்னை முன்ன மாதிரி கூப்புடுறதுமில்ல. அக்கா தங்கச்சிங்க தினமும் வீடியோ கால்ல பேசிக்கறாங்க… அதுலயும் தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழிச்சு விடுது போன். என் மக அத என் முகத்துக்கும் போட்டு விடுவா. நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல.

ஆனா இன்னைக்கும் யார் வீட்டு டிவிய செட் பண்ணாலும், நான் முகத்தைப் பாத்துதான் கலர் வைப்பேன். சேலை எந்தக் கலர்ல வேணா இருக்கட்டும்.