குறைத்துச் சொன்ன ஆடுகள்

போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், தென்மராட்சியில் எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. கணவர் இறந்தபிறகு இருபது செம்மறிகளை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. மழைக்காலத்தில் ஆடுகளுக்கு ஒரு கழிச்சல் நோய் வரும். வந்தால் பட்டியே காலியாகிவிடும். அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

மிருக வைத்தியர் கந்தோரில் எனக்குத் தானியங்கி ஊசி பிடிக்கப் பழக்கியிருந்தார்கள். துப்பாக்கி போல ஒரு பிடி, அதிலிருந்து மருந்துப் போத்தலுக்கு ஒரு குழாய். ஒருமுறை அழுத்தினால் ஓர் ஆட்டுக்கான மருந்து இறங்கும், கையை விட்டதும் தானாகவே திரும்ப நிரம்பிவிடும். ஊரில் அதற்குத் ‘துவக்கு’ என்றே பெயர். ஊர் ஆடுகளுக்கெல்லாம் நான்தான் ஊசி போடுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் கந்தோரில் மருந்து தருவார்கள். அதனால் ஆடு வைத்திருக்கும் எல்லோரிடமும் போனில் கேட்டேன். முன்வீட்டு அண்ணை, “ஒரு பதினைஞ்சு வரும் பிள்ளை” என்றார். மற்றவர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். என் இருபதையும் சேர்த்துக் கூட்டிக் கந்தோருக்கு அறிவித்தேன்.

ஊசி போடும் நாளன்று காலை கந்தோர் உத்தியோகத்தரான தம்பி ஒருவர் ஐஸ் பெட்டியில் மருந்துடன் எங்கள் வளவுக்கு வந்தார். ஆடுகளும் வந்தன, வந்துகொண்டே இருந்தன. முன்வீட்டு அண்ணை ஓட்டிவந்தது முப்பதுக்குக் குறையாது.

“உதெல்லாம் ஆற்றை ஆடு அண்ணை?” என்று கேட்டேன்.

“என்ரைதான். உள்ளதைச் சொன்னால் கண்ணூறு நாவூறு பட்டிடும் எண்டு குறைச்சுச் சொன்னனான்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள். நானும் அசடுபோல அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

என் ஆடுகளைக் கடைசிக்கு விட்டிருந்தேன். பந்தியில் வீட்டுக்காரர் கடைசியாகச் சாப்பிடுவது போலத்தான். வந்தவர்களை வெயிலில் காக்கவைத்துவிட்டு என் ஆடுகளுக்கு முதலில் போட மனம் வரவில்லை. அவர்களுடையதை எல்லாம் முடித்துவிட்டு என் முதல் மறியைப் பிடித்து அழுத்தினேன். துவக்கு வழக்கம்போல ‘டக்’ என்றது. குழாயில் ஓடியது வெறும் காற்றுக் குமிழி.

உத்தியோகத்தர் ஐஸ் பெட்டியைத் துழாவிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீங்கள் சொன்ன கணக்குக்குத்தான் கொண்டு வந்தனான் அக்கா. இனி அடுத்த மாசந்தான் மருந்து வரும்.”

அவர் மேல் பிழையில்லை. முன்வீட்டு அண்ணை, “உன்ரை ஆடுகளுக்கு ஒண்டும் வராது பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதத்து மருந்துக்கு முன்பே மழை வந்தது, மழையோடு நோயும் வந்தது. மூக்கு ஒழுகி, கழிந்து, எழும்ப முடியாமல் ஒவ்வொன்றாக விழுந்தன. வளவின் பின்பக்கம் குழி வெட்டிக் குழி வெட்டி என் கை கொப்பளித்துவிட்டது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. படலையடிக்கு வந்தவர் முன்வீட்டு அண்ணை மட்டும்தான். உள்ளே வராமல் வெளியே நின்றபடியே கதைத்தார்.

“குறை நினையாதை பிள்ளை. கொஞ்ச நாளைக்கு உன்ரை ஆடுகளைத் தரவை வெளிப் பக்கம் மேய்க்கக் கொண்டு வராதை. எங்கடையளுக்கும் தொத்திப்போடும்.”

“உங்கடை ஆடுகளுக்குத்தானே ஊசி போட்டாச்சு அண்ணை. நான்தானே போட்டனான்.”

“ஓம். எண்டாலும் பயமாக் கிடக்கு.”

அன்று அவரை நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருடமும் ஊசி போடும் காலம் வந்தது. கணக்குக் கேட்டபோது முன்வீட்டு அண்ணை கொஞ்சமும் கூசாமல், “ஒரு பதினைஞ்சு வரும்” என்றார். கந்தோருக்கு நான் என் கணக்கை முதலில் சொன்னேன். நாலு ஆடு, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நாவூறு படுவதற்கு இனி என் பட்டியில் என்ன இருக்கிறது?