மீன்தானே என்றார்கள்

எங்கள் வீட்டில் முதல் மீன் செத்த அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் பார்த்தேன், ஏஞ்சல் மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எதுக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உங்க வீட்டுக்கு வர இருந்த கஷ்டம் மீனோட போச்சு. மாதாவுக்கு நன்றி சொல்லு” என்றாள். என் கணவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நானும் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கருங்கல் ஊர்ப் பக்கம் நாங்கள் கட்டிய புது வீட்டில் குடியேறிய அன்று, பால் காய்ப்புக்கு, குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அத்தான் கொடுத்த பரிசு அந்தக் கண்ணாடித் தொட்டி. கடைக்காரரே வந்து வைத்துக் கொடுத்தார். கூழாங்கல்லைக் கொட்டினார், பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை நிறைத்தார், நீல மருந்து சில சொட்டு விட்டார், உடனே கவர் கவராக மீனை அவிழ்த்துவிட்டார். தங்கமீன், ஏஞ்சல், கௌராமி என்று ஒரு பாடு மீன். கூடவே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கறுப்பு சக்கர் மீன். “இது அழுக்கத் தின்னும் டீச்சர். நீங்க வாரம் ஒருக்கா தொட்டியில உள்ள எல்லா வெள்ளத்தையும் மாத்தினா மதி, அது போதும். ஒண்ணும் கொழப்பமில்ல” என்றார்.

நல்லது செய்வதாக நினைத்து நான் செய்ததெல்லாம் தப்பு. ரேஷன் மாதிரி அளந்து போட்டால் பாவம் என்று பிடி பிடியாகத் தீனி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தொட்டியைக் காலி செய்து, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, ஃபில்டரின் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாடை மாறாத புதுத் தண்ணீரை ஊற்றி மீனை விட்டேன். தொட்டி பளபளவென்றிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. “பாத்தியா, உன்கிட்ட பேசுது” என்று அக்கா செல்போனில் படம் எடுத்தாள். அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரங்களில் மீன்கள் வரிசையாகச் செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் கடைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் ஒரு மருந்தும், செத்ததற்குப் பதில் இரண்டு மீனும் தந்தார். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால்கூட, “மீன் போன நேரம், பெரிசா ஒண்ணும் வராது” என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டுக் கஷ்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் அவை பிறந்து வந்தன என்பதுபோல.

உண்மை எனக்கு விளங்கிய இடம் வகுப்பறை. நான் அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கழிவிலிருந்து அம்மோனியா, அதை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும் என்று வருஷாவருஷம் போடும் அதே படம். அம்மோனியாவில் அம்புக்குறி போடும்போது கை நின்றுவிட்டது. நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேனே, அந்தக் கல்லிலும் பஞ்சிலும்தானே அந்த பாக்டீரியா குடியிருக்க வேண்டும்! மீன் போட்ட கழிவும் தின்னாமல் அழுகிய தீனியும் அம்மோனியாவாக அதே தண்ணீரில்தானே நின்றிருக்கும்! பிள்ளைகளுக்கு மார்க் வாங்கச் சொல்லிக்கொடுத்த பாடம், என் வீட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பெல் அடிக்கும்வரை பிள்ளைகளிடம் சிடுசிடுத்துவிட்டேன்.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன்.

“புதுத் தொட்டியில அன்னைக்கே மீன விடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

கடைக்காரர் சிரித்தார். “தெரியாம இருக்குமா டீச்சர்?”

“பிறகு ஏன் சொல்லல்ல?”

“ஒரு மாசம் வெறும் வெள்ளத்த வச்சுப் பாத்துட்டு இருங்கன்னு சொன்னா யாரு வாங்குவா? அடுத்த கடைக்குப் போவாங்க. சவத்த விடுங்க டீச்சர், மீன்தானே. நீங்க மீன் கறி வைக்கது இல்லியா?”

அந்தக் கேள்வியை என்னிடமா கேட்பது? நான் கடற்கரையில் பிறந்தவள். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். மீன் சாவதைப் பார்த்து அழுகிற ஆளில்லை நான்.

“திங்கதுக்குப் பிடிக்குற மீன எங்க வீட்டுல ஒரு நாளும் வீணாக்கினதில்ல. இது திங்கதுக்கா? அழகுக்குன்னு கூட்டிட்டு வந்து, அதோட மூத்திரத்துலயே முக்கிக் கொல்லுகது. அதுக்கு மேல மருந்துன்னு வேற வித்திருக்கீங்க!”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, “இப்ப என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார். கடையின் பின்பக்கத் தொட்டிகளில் மீன்கள் திடமாக நீந்திக்கொண்டிருந்தன. அவற்றின் ஃபில்டரில் ஊறி, பாக்டீரியா குடியேறிக் கிடந்த ஒரு பழைய பஞ்சைக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கவரில் பிழியாமல் போட்டுத் தந்தார்.

வீட்டில் அப்போது பிழைத்திருந்தவை இரண்டு தங்கமீனும் அந்த சக்கரும். பழுப்பேறிய பஞ்சை ஃபில்டரில் வைத்தேன். தீனியை ஒரு சிட்டிகையாகக் குறைத்தேன். ப்ளீச்சிங் வாடை போக வாளியில் ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைத்த தண்ணீரால் தினமும் கொஞ்சம் மட்டும் மாற்றினேன். அம்மோனியா பார்க்கும் சோதனைச் சொட்டு மருந்தை ஆன்லைனில் வாங்கினேன். சோதனைக் குழாயில் பச்சையாக வரும் நிறம், அம்மோனியா குறையக் குறைய, நாளாக நாளாக மஞ்சளுக்கு இறங்கியது.

சக்கர் மீன் முழ நீளம் வளரும் என்பதை அப்போதுதான் படித்தேன். “கொளத்துல விட்டுருவோம்” என்றார் என் கணவர். அதற்கும் ஒரு சண்டை. நம் குளத்து மீனின் முட்டையைத் தின்று குளத்தையே அது பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, கடைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் வாங்கிப் பின்பக்கத் தொட்டியில் விட்டார்.

“இவ்வளவு பெரிய தொட்டியில ரெண்டே ரெண்டு மீனா? பாக்கதுக்கு எப்பிடி இருக்கு?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கட்டும். இரண்டும் உயிரோடு இருந்தன. இப்போதும் இருக்கின்றன, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து.

போன வருஷம் பள்ளியில் ஒரு மீன்தொட்டி வைக்கத் தலைமையாசிரியை ஆசைப்பட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது. ஆண்டு விழாவுக்குள் கலர் கலராக மீன் வேண்டும் என்றார். அதற்கு இரண்டு வாரம்கூட இல்லை.

“முடியாது மேடம். தண்ணி தயாராவல்ல.”

“தண்ணி என்ன தயாராவணும் டீச்சர்? குழாயத் தொறந்தா வருது. செத்தா வேற வாங்கிக்கிடலாம்.”

“அப்பிடின்னா வேற யாருகிட்டயாவது பொறுப்பக் குடுங்க.”

ஸ்டாஃப் ரூமிலேயே என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபத்தோடு போனார், ஆனால் பொறுப்பை மாற்றவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாக்டீரியா வளர மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டு, தண்ணீரைச் சோதித்து நிறத்தைப் பார்த்தார்கள்.

விழா அன்று வாசலில் அந்தத் தொட்டி குமிழி விட்டுக்கொண்டு வெறுமனே நின்றது. சிறப்பு விருந்தினர் குனிந்து பார்த்துவிட்டு, “மீனெல்லாம் கறிக்குப் போயாச்சா?” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாக்டீரியா வளர்வதற்குள் மீனை விட்டால் சாகும் என்று அவரை நிறுத்திவைத்துச் சொன்னேன். பாதியிலேயே வாட்சைப் பார்த்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்தபிறகுதான் வழிவிட்டேன்.

விழா முடிந்து மூன்றாவது வாரம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் இல்லை என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். அன்றைக்குத்தான் மீன் வாங்கப் போனோம்.