வேலிப் பொட்டும் ஒரு நாய்க்குட்டியும்

என் மகளை நடக்கப் பழக்கியது யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்றுதான் சொல்வேன். என் மனுசன் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கென்ன, கிழமை முழுக்க யாழ்ப்பாணத்தில் கடையில் நின்றுவிட்டு சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வந்து இறங்குகிறவர். அந்தக் குட்டியோடு மல்லுக்கட்டியது நான்.

எண்பத்தைந்தாம் ஆண்டளவில் நாங்கள் நாரந்தனையில் இருந்தோம். எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். தேத்தண்ணி வைத்தால் வாயில் வைக்க ஏலாது. நல்ல தண்ணீர் பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றில்தான் இருந்தது. இரண்டு வளவுக்கும் நடுவே கருக்குமட்டை வேலி, ஓரமெல்லாம் வாள்போலப் பல்லுள்ள பனைமட்டை. அதில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி இருந்தது. அதைத்தான் எங்கள் ஊரில் பொட்டு என்பார்கள். தண்ணீர்க் குடம், கறிச்சட்டி, கடனாக ஒரு பிடி மிளகாய், ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும். ஒரு வீட்டார் பொட்டை அடைத்துவிட்டால் உங்களோடு இனிக் கதைபேச்சு இல்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

அக்காவுக்குக் கிட்டத்தட்ட என் தாயின் வயது. புருசன் இல்லை. ஒரே மகன் அந்த வருடம்தான் ஜேர்மனிக்குப் போனான். போகிற கிழமை எங்கிருந்தோ ஒரு கபில நிறக் குட்டியைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்துவிட்டுப் போனான். அக்கா அதை ராசா என்று கூப்பிட்டார். மகனையும் அப்படித்தான் கூப்பிடுகிறவர். அதனால் குட்டியைப் பற்றி ஒரு குறை சொல்லவும் எனக்கு வாய் வராது.

குறையோ கொஞ்சநஞ்சமல்ல. என் மகளுக்கு இரண்டு வயது முடியப் போகிறது, இன்னும் நடக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை. பெரியாஸ்பத்திரி டொக்டர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, பொறுங்கோ என்றார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பொறுத்தேன். கடைசியில் ஒருநாள் குசினி வாசல் நிலையைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கையில் மீனோடு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாள் குட்டி பொட்டுக்குள்ளால் பாய்ந்து வந்து அவள் முதுகில் முட்டியது. பிள்ளை முகம் அடிபட விழுந்தாள். உதடு வெடித்து இரத்தம். குட்டிக்கு எல்லாம் விளையாட்டுத்தான். வாலை ஆட்டிக்கொண்டு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது.

அதன்பிறகு பிள்ளை நிற்கவே இல்லை. தூக்கி நிறுத்தினால் காலை மடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். வந்த நடையை இந்த நாய் கொண்டுபோய்விட்டதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

விளக்குமாற்றை எடுத்தால் குட்டி அதன் நுனியைக் கவ்விக்கொண்டு தொங்கும். செருப்பால் எறிந்தேன், செருப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. மற்றச் செருப்போடு நொண்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். அக்கா ஈர்க்கில் எடுத்து வெருட்டுவார், அடிக்கமாட்டார். கடிக்கட்டும் என்று ஒரு சிரட்டையைப் போட்டார். சிரட்டையில் பல்லைத் தீட்டிக்கொண்டு வந்து என் பாவாடையைக் கிழித்தது.

ஒருநாள் பிள்ளையின் கெண்டைக்காலில் பல் பட்ட அடையாளம் கண்டேன். பொட்டடியில் நின்று சத்தம் போட்டேன்.

“அக்கா, என்ர பிள்ளைக்குத் தொப்புளைச் சுத்தி ஊசி போட வைக்கப்போறியளோ? உங்கட ராசாவைக் கட்டி வையுங்கோ.”

“பிள்ளை, கட்டினால் ராசா அழுறான். கேட்டுக்கொண்டு இருக்க ஏலாமல் கிடக்கு.”

“என்ர பிள்ளை நடக்காமல் போனால் நானும்தான் அழுவன்.”

அக்கா உள்ளே போனார்.

மறுநாள் காலை குடத்தோடு போகிறேன், பொட்டு அடைத்துக் கிடக்கிறது. புதுக் கருக்குமட்டை நெருக்கி வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்கு உச்சியில் ஏறியது. அப்படியோ சங்கதி, உங்கள் தண்ணீர் உங்களோடு இருக்கட்டும் என்று திரும்பி வந்து உவர்த்தண்ணீரில் தேத்தண்ணி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். பிறகு அடுப்படியில் இருந்து அழுதேன். இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்து எனக்கு நோவு கண்டபோது அந்தப் பொட்டுக்குள்ளால்தான் அக்கா ஓடிவந்தார். அந்த வாசலை என் வாயால் மூடிவிட்டேனே என்று இருந்தது.

மத்தியானத்துக்குக் கிட்டப் படலை திறந்த சத்தம் கேட்டது. அக்கா. இடுப்பில் நிறைகுடம். அவர் வீட்டுப் படலை அடுத்த ஒழுங்கையில். அங்கிருந்து அந்தக் கொதிவெயிலில் சுற்றி நடந்து வந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வையும் தண்ணீரும்.

“என்ன, தண்ணிக்கு வரேல்லை? கோவமே?” என்றார்.

“பொட்டை அடைச்சுப்போட்டு என்னைக் கேக்கிறியளோ?”

“நாய்க்கெல்லோ அடைச்சனான். உமக்கே அடைச்சனான்?”

“பொட்டை அடைச்சால் என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ அக்கா?”

“பிள்ளை விழுந்ததில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. அர்த்தம் எங்க பாக்கிறது? இந்தக் குடத்தைப் பிடியும், கை உளையுது.”

குடத்தை வாங்கி இறக்கினேன். இனி ஒவ்வொரு நாளும் இப்படிச் சுற்றித்தான் வரப்போகிறீர்களா என்று கேட்டேன். “பின்ன, பிள்ளைக்கு உவர்த்தண்ணியே குடுக்கிறது?” என்றார். அன்றைக்கு எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் விசர்க்கதை கதையாதையும் என்றிருப்பார்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தபோது என்னுடைய ஆடு முற்றத்தால் போனது. வேலி நுழைகிற ஆட்டுக்குக் கழுத்தில் தடிகளை முக்கோணமாகக் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தடி வேலியில் தடுக்கும், ஆடு திரும்பிவிடும். நான் பகிடியாகத்தான் சொன்னேன்.

“ராசாவுக்கும் இப்பிடி ஒண்டு போட்டால் என்ன அக்கா?”

அக்காவின் முகம் கொஞ்சம் கறுத்தது. பிறகு ஆட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே பூவரசந்தடி வெட்டிக் கட்டினோம். கழுத்து நோகும் என்று அக்கா பழஞ்சேலை கிழித்துச் சுற்றினார். கம்பியை அவிழ்த்துப் பொட்டைத் திறந்தோம். குட்டி வழக்கம்போலப் பாய்ந்தது. தடி இரண்டு பக்கமும் தடுக்க, மூக்கை மட்டும் எங்கள் வளவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஒழுங்கையால் போனவர்கள், எவ்வளவு பால் கறக்குது அக்கா என்று கேட்டார்கள். அக்கா அசரவில்லை. உங்களுக்குத் தாற அளவுக்குக் கறக்கேல்லை என்றார்.

இரண்டு கிழமை போயிருக்கும். நான் உடுப்புக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் இருத்திய இடத்தில் பிள்ளை இல்லை. தவழ்ந்து தவழ்ந்து பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் போய்விட்டாள். குனிந்து நுழைந்து தலையை நிமிர்த்தினேன். குட்டி நிற்கிறது. அதன் கழுத்துத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பிள்ளை நிற்கிறாள். நான் கத்த வாயெடுத்தேன். கிணற்றடியில் நின்ற அக்கா வாயில் விரலை வைத்தார்.

தடியின் பாரத்தில் குட்டிக்குப் பாய ஏலாது. அது மெல்லக் காலை எடுத்து வைத்தது. பிள்ளையும் எடுத்து வைத்தாள். முருங்கை மரம் வரைக்கும் இரண்டும் போயின. நான் பொட்டடியிலேயே இருந்துவிட்டேன், காலில் கருக்குக் கிழித்தது கூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு விடிந்தால் அவளுக்கு அக்கா வீடுதான். குட்டியும் வளர்ந்தது, பால்பல் விழுந்தது, பாய்ச்சல் அடங்கியது. தடி இனித் தேவையில்லை. ஆனால் அக்கா கழற்றவில்லை. “பிள்ளை தனிய நடக்கட்டும், பிறகு பாப்பம்” என்றார். ஒருநாள் சேலைத்துண்டை விலக்கிப் பார்த்தேன். கழுத்தில் மயிர் உதிர்ந்து சிவந்து கிடந்தது.

“இவ்வளவும் காணும் அக்கா, கழட்டுங்கோ” என்றேன்.

“பிள்ளை திரும்ப நடக்காமல் இருந்திட்டால்?”

“இருந்தால் இருக்கட்டும். பாவம் அது.”

நானே கத்தியால் கட்டை அறுத்தேன். பிள்ளை வழக்கம்போலத் தடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். தடி இல்லை. குட்டி வழக்கம்போலக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. அவள் பிடிக்கவில்லை என்றதும் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியது. பிள்ளையும் பின்னால் போனாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத தடியை இறுக்கிப் பிடித்தபடி.

“ராசா, மெல்லமாப் போடா. பிள்ளை வருது” என்றார் அக்கா.

அவன் மெல்லமாகத்தான் போனான்.