கண்ணாடிக்குத் தைத்த தோலுறை

இந்த வாரம் நான் கண்ணால் கண்டதையும், உரியவர் வாயிலிருந்தே கேட்டதையும் தவிர வேறெதையும் எழுதப்போவதில்லை. சுவை சற்றுக் குறையலாம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மடிப்பை விரித்தபடியே பேச்செடுத்தார்.

"சேதி தெரியுமா சாமி? ஆம்பூர்க்காரர் மோட்டார் பள்ளிகொண்டா பக்கத்துல கவுந்துடுச்சாம். டிரைவருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சாம்."

"எப்படிக் கவிழ்ந்ததாம்?"

"இன்னா எப்படி? நல்லா ஊத்திக்கினு காத்தாப் பறந்துகீறான். வண்டி நிக்குமா?"

"யார் பார்த்தது?"

"ஊரே சொல்லுது சாமி! ஊரு பொய் சொல்லுமா?"

ஊர் பொய் சொல்லுமா? அந்த வண்டியில் நான் இருந்தேன். அது கவிழவில்லை. டிரைவர் சாமுவேல் குடித்திருக்கவில்லை. அடிபட்டது ஒரு கண்தான். இதையெல்லாம் சொன்னேன். "அப்படியா..." என்றார் கடைக்காரர். அவர் குரலில் இருந்தது ஏமாற்றம். நல்லதொரு கதையை நான் கெடுத்துவிட்டேன் அல்லவா?

ஆகவே, நடந்தது இது.

வண்டிக்குச் சொந்தக்காரர் என் நண்பர். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்துகிறவர். பெயர் வேண்டாம். கொடியவர் அல்லர் — அதையும் அறிந்தே எழுதுகிறேன். அவருடைய மோட்டார் துணிக்கூரை போட்ட திறந்த வண்டி. டிரைவருக்கு முன்னால் காற்றையும் தூசியையும் தடுக்க ஒரு கண்ணாடி நிற்கும். வேண்டாதபோது அதை மடக்கி முன்புறம் படுக்க வைத்துவிடலாம்.

சென்ற கோடையில், முன்னால் போன பஸ்ஸின் சக்கரம் ஒரு சல்லிக்கல்லைத் தெறிக்கவிட்டது. கண்ணாடியில் மிளகளவு வடு. மறுநாள் வெயிலில் அந்த வடுவிலிருந்து ஒரு வெடிப்பு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடியது. புதுக் கண்ணாடி சென்னையிலிருந்து வைக்கோல் பொதிக்குள் ரயிலேறி வந்தது, துண்டுகளாக வந்தது. அடுத்தது முழுதாக வந்து சேர்வதற்குள் நண்பர் படாத பாடு பட்டார். இனி இந்தக் கண்ணாடியின்மேல் ஒரு கல் படக்கூடாது என்று முடிவு செய்தார்.

தோல் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் கை முதலில் எட்டுவது தோலைத்தான். தம் தொழிற்சாலையிலேயே கண்ணாடிக்கு ஓர் உறை தைக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல், வெளியே தடித்த மாட்டுத்தோல், ஓரங்களில் வார், பித்தளைக் கொக்கி. சல்லி கொட்டிய சாலை வந்தால் கண்ணாடியைப் படுக்க வைத்து உறையை மாட்டிவிட வேண்டும். சல்லி முடிந்ததும் கழற்றி நிமிர்த்த வேண்டும். நான் அந்தத் தையலைத் தடவிப் பார்த்து, "அருமை" என்றேன். மனமாரச் சொன்னேன்.

கண்ணாடி படுத்துக்கொண்டால் கல்லுக்கு நேராக நிற்பது எது? அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, ரங்கநாதரைச் சேவிக்க ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டாவுக்குப் புறப்பட்டோம். மாதனூரைத் தாண்டியதும் சாலை நெடுகப் புதுச் சல்லி கொட்டியிருந்தார்கள். இன்னும் உருளை ஓட்டி அழுத்தவில்லை. சாமுவேல் வண்டியை நிறுத்தினார். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"மொதலாளி, இன்னிக்கு கண்ணாடி நிமுந்தே இருக்கட்டுமே. கல்லு ரொம்ப ஜாஸ்தி கீது."

"ஜாஸ்தின்னுதாம்பா உறை. மாட்டு, மாட்டு."

"கண்ணாடிக்குச் சட்டை தெச்சீங்க. எனக்குக் கண்ணுக்குப் போட ஒரு கண்ணாடி வாங்கித் தரப்படாதா?"

"உனக்கு இன்னாப்பா, ஆண்டவனே தோலு தெச்சு அனுப்பிகீறான்! துண்டை மூஞ்சில சுத்திக்கோ."

சாமுவேல் சிரித்தார். நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். உறை ஏறியது.

வண்டி ஊர்ந்தது. கோயில் நடை சாத்திவிடுவார்களே என்ற கவலை எனக்கு.

"கொஞ்சம் விரட்டப்பா," என்றேன்.

"விரட்டினா கல்லு எகிறும் சாமி."

"கொஞ்சம்தானே!"

கொஞ்சம் விரட்டினார். அப்போதுதான் எதிரே ஒரு பஸ் வந்தது. அதுவும் விரைந்தே வந்தது. மழைபோலச் சடசடவென்று சல்லி தெறித்தது. உறையின்மேல் இரண்டு மூன்று கற்கள் தொப் தொப்பென்று விழுந்த ஓசையைக் கேட்டேன். மற்றொன்று விழுந்ததில் ஓசை இல்லை.

சாமுவேல் வண்டியைக் கோணாமல் ஓரம் கட்டினார், பிரேக்கை இழுத்தார், அதன் பிறகுதான் வலக் கண்ணைப் பொத்தினார். விரல் இடுக்கில் இரத்தம். வண்டி கவிழாததற்குக் காரணம் அந்த மனிதர். நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்மேல் ஒரு தூசிகூடப் படவில்லை.

நண்பர் பதறி இறங்கினார். ஓடினார். ஓடிய கால் முதலில் போய் நின்ற இடம் உறை. கொக்கியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அப்பாடா!" என்றார்.

பிறகுதான் டிரைவரிடம் வந்தார். வந்தபின் குறை வைக்கவில்லை. தம் பட்டு அங்கவஸ்திரத்தைக் கிழித்து அவரே கட்டுப் போட்டார்; வழியில் வந்த ஒரு வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரையில் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார்; கண் கலங்கினார். எல்லாம் உண்மை. அந்த 'அப்பாடா'வும் உண்மை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரு கண்களையும் சேர்த்துப் போட்ட கட்டோடு படுத்திருந்த சாமுவேல் காலடி ஓசையிலேயே என்னைக் கண்டுகொண்டார்.

"சாமி, பத்திரிகையில எழுதுறீங்களே... நான் குடிக்கலன்னு ஒரு வரி எழுதுங்க. கண்ணு ஒண்ணு போனாலும் ஒண்ணு கீது. பேரு போச்சுன்னா எவன் நம்பி வண்டியக் குடுப்பான்?"

"வேகத்தைப் பற்றி?"

"அத வுடுங்க சாமி. நீங்க சொன்னதா எழுதினா உங்களுக்குத்தான் பேஜாரு."

அருகில் நின்ற அவர் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "கண்ணாடி நல்லா கீதாங்க?"

நன்றாக இருக்கிறது, அம்மா. ஒரு கீறல் இல்லை. இன்னும் கேட்டால், ஆம்பூரில் வேறு இரண்டு மோட்டார் முதலாளிகள் அதே அளவில் உறை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். 'அத்தனை கல் விழுந்தும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லையாமே!' — நடந்த விபத்திலிருந்து எங்கள் வட்டாரம் கற்றுக்கொண்ட பாடம் இது.

சாமுவேல் கேட்ட வரியை எழுதுகிறேன்: அவர் குடித்திருக்கவில்லை. கேட்காத வரியையும் எழுதுகிறேன்: விரட்டச் சொன்னவன் நான்.

தெரியாதவை மூன்று. அந்த பஸ் யாருடையது என்பது தெரியாது. அந்தக் கண்ணில் பார்வை மிஞ்சுமா என்பது, கட்டைப் பிரிக்கும் வரையில் வைத்தியருக்கும் தெரியாது. 'இன்று கண்ணாடி நிமிர்ந்தே இருக்கட்டும்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நண்பர் கேட்டிருப்பாரா?

தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவில்லை.